பதில் ஆள்

என் வகுப்புக்கு ஒருத்தி தனக்குப் பதிலாகத் தன் மருமகளை அனுப்பிவைத்தாள்.

வைகாசி மாதத்து மாலை நேரம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த நெற்களத்தில் பெண்கள் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். மூச்சு உள்ளே போகும்போது விலாவின் இரு பக்கமும் எப்படி விரிய வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசையின் முதல் இடத்தில் ஒரு புதிய முகம் தெரிந்தது. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கைகளை விறைப்பாக உடலோடு ஒட்டிவைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ யாரும்மா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். "அத்த அனுப்புச்சு. அதுக்கு பதுலு நான் வந்துகீறேன்."

"அத்தைக்குப் பதிலா நீ செஞ்சா அவ முதுகுக்கு எப்படி நல்லதாவும்?"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அது எப்படியோ பாப்பா. ஆளு கொறயக் கூடாதுன்னு அத்த சொல்லிச்சு."

ஆள் குறையக் கூடாது. அந்தச் சொற்களை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். அறுவடைக்கு முன்னால் களத்தைச் செதுக்கிச் சாணம் தெளித்து மெழுகவும், பொங்கலுக்கு முன்னால் மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிடவும் எங்கள் வீட்டிலிருந்து, வயல் வேலைக்கு வருபவர்கள் குடியிருக்கும் காலனிக்குச் சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு ஒரு பெண் வர வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. போகும்போது மீந்த சோறும் ஒரு வெற்றிலையும் கிடைக்கும். வர முடியாதவள் தன் மகளையோ மருமகளையோ அனுப்பிவைக்க வேண்டும். வீட்டு வேலை என்று அதற்குப் பெயர். சென்னையில் முதுகலை படித்துவிட்டு வந்த நான் நடத்திய உடற்பயிற்சி வகுப்பையும் அவர்கள் அந்த வேலைகளில் ஒன்றாகத்தான் எண்ணியிருந்தார்கள் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். ஒரு செய்யுளில் சொல்லாமல் விட்டதை எடுத்துச் சொல்லப் பழக்கப்பட்டவள். ஒரு மாத காலம் என் கண்முன்னே நடந்ததை நான் முற்றிலும் தவறாகப் படித்திருந்தேன்.

அந்தப் பயிற்சியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் எங்கள் கல்லூரி விடுதிக்கு அடுத்த வீட்டில் ஓர் அம்மையார் இருந்தார். கணவரோடு பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே தம் முதுகுவலிக்காகப் போன இடத்தில் இந்த முறையைக் கற்று, பிறகு கற்பிக்கவும் தேர்ச்சி பெற்றிருந்தார். பிலாட்டிஸ் என்று அதன் பெயரைச் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் அது வாயில் நுழையவில்லை. நாங்கள் பாய்ப் பயிற்சி என்றே சொல்லிக்கொண்டோம். குதிப்பதும் ஓடுவதும் இல்லை. ஒரு பாயில் படுத்து, வயிற்றை உள்ளிழுத்து, மூச்சுக்கு ஏற்றபடி மெல்ல மெல்ல அசைவதுதான்.

நான் பன்னிரண்டு வயதிலிருந்தே தோளைக் குறுக்கி, மார்பை மறைத்து நடந்தவள். என் உடம்பு எனக்கு ஒரு மறைக்க வேண்டிய செய்தியாகவே இருந்தது. அம்மையார் எங்களுக்கு வகுப்பெடுத்த அவர் வீட்டுக் கூடத்துத் தரையில் படுத்து, ஒவ்வோர் எலும்பாகத் தரையைத் தொடுவதை உணர்ந்தபோது, பூட்டிய அறை ஒன்றுக்குள் முதன்முறையாக நுழைந்ததுபோல் இருந்தது. ஆங்கிலம் விளங்காத பெண்களுக்கு அம்மையாரின் கட்டளைகளைத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. 'இடுப்பைத் தூக்கு' என்றால் எல்லோரும் வெடுக்கென்று தூக்கினார்கள். 'முதுகைத் தரையிலிருந்து மணிமணியாகப் பிரித்தெடு' என்றதும் மெதுவானார்கள். ஒரு சொல் மாறினால் ஓர் உடம்பு மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன். கல்லூரி வகுப்பில் வாய் திறவாத எனக்கு அது பெரிய ஆனந்தம். படிப்பு முடியும் தறுவாயில், இனி நீ தனியாகவே நடத்தலாம் என்று அம்மையார் சொல்லிவிட்டார்.

தேர்வு எழுதிவிட்டு மானாம்பதிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்தேன். பேருந்தின் சன்னல் வழியாக, வயலில் குனிந்திருந்த பெண்களைப் பார்த்தேன். பிறந்ததுமுதல் பார்த்த காட்சிதான். அன்று முதுகுகள் மட்டும் தெரிந்தன. இவர்களுக்கல்லவா இதைச் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தபோது என் வாழ்க்கைக்கு ஒரு பொருள் அகப்பட்டுவிட்டதாகவே நம்பினேன்.

இரவு உணவின்போது அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் அவரை நைனா என்போம். அவர் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "செய்யேன், யார் வாணாங்கறாங்க" என்றார். மறுநாள் காலையில் வேலைக்கு வந்த பெண்களிடம் கிணற்றடியிலிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா சாயந்தரம் கூப்புடுது. வூட்டுக்கு ஒர்த்தி வந்துட்டுப் போங்க." அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அன்று மாலை பத்துப் பன்னிரண்டு பெண்கள் களத்தில் நின்றார்கள். நான் அதை ஆர்வம் என்று எண்ணினேன்.

எத்தனை அடையாளங்கள்! நான் போவதற்குள் அவர்கள் களத்தைப் பெருக்கி நீர் தெளித்திருப்பார்கள். பயிற்சியின்மேல் அவர்களுக்கிருந்த மரியாதை என்று அதைக் கொண்டேன். நெல் உலர்த்தும் ஈச்சம்பாய்களை எடுத்துக் கொடுத்தால், அவற்றை மடித்து ஓரமாக வைத்துவிட்டு வெறுந்தரையில் படுப்பார்கள். உழைத்த உடம்புக்குக் கடினமான தரைதான் பிடிக்கும்போலும் என்று வியந்தேன். அவை ஆண்டை வீட்டுப் பாய்கள், அவற்றின்மேல் காலனிப் பெண் படுத்தால் நாளைக்கு யார் என்ன சொல்வார்களோ என்பது எனக்குத் தோன்றவில்லை. முடிந்ததும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "வேற இன்னா கீது பாப்பா?" என்று கேட்பார்கள். வேறு பயிற்சி இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து, புதிதாக ஒன்றைச் சொல்லித்தருவேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அதையும் செய்வார்கள்.

அவர்களில் முதல் இடத்தில் படுப்பவள் நடவு வரிசையிலும் முதல் இடத்துக்காரி. வரப்போரம் நின்று அவள் நடும் வேகத்துக்குத்தான் மற்றவர்கள் நட வேண்டும். நடவுக்கு ஆள் சேர்ப்பவளும் அவள்தான். என் அம்மாவின் வயதிருக்கும். முழங்காலை மடக்காமல் குனிந்து இரு உள்ளங்கைகளையும் தரையில் பதியவைப்பாள். விடுதிப் பெண்கள் பலரால் கால் விரலைக்கூடத் தொட முடியாது. நான் பரவசப்பட்டு, "எல்லாரும் பாருங்க, எப்படிச் செய்யறா பாருங்க" என்று மறுபடி மறுபடி அவளைக் குனியவைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

அவளுடைய மருமகள்தான் இப்போது என்முன் கண்ணை மூடிப் படுத்திருந்தவள்.

"அத்தைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"முதுவு புடிச்சிக்கினு கீது. போன நடவுலேர்ந்தே அப்டித்தான். ரெண்டு நாளா எயுந்துக்கவே முடில." சொல்லிவிட்டுத்தான், தான் சொன்னதை உணர்ந்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஆண்டைகிட்ட சொல்லிடாத பாப்பா. ஒன் கால்ல வியறேன்."

வரிசையில் ஒருத்தியும் வியந்து திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்த செய்தி அது. எனக்கு மட்டும் தெரியாமல் மறைத்துவைத்திருக்கிறார்கள்.

"யாரும் கட்டாயமா வர வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "இது வீட்டு வேலை இல்ல. இஷ்டம் இருந்தா மட்டும் வந்தா போதும்."

மறுநாள் ஒருத்தியும் வரவில்லை. களத்தில் சருகு அப்படியே கிடந்தது. கோழிகள் மேய்ந்தன. அம்மா கொல்லைப்புறத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பள்ளிக்கூடம் லீவா?" என்றாள். நான் கோழிகளை விரட்டுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு நாள் பொறுத்து, வெயில் தாழ்ந்த பிறகு, ஏரிக்கரை வழியாகக் காலனிக்குப் போனேன். அதற்கு முன் தேர்த் திருவிழா நாட்களில் அந்தத் தெருமுனையைக் கடந்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. முதல் இடத்துக்காரியின் வீட்டுக்குத் தாழ்வான வாசல். குனிந்து நுழைந்தேன். அவள் சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வீடெங்கும் நொச்சித் தழையின் வாசனை.

"வா பாப்பா. ஆளு அனுப்புனேனே, சரியா செய்யலயா அவ?"

"அதுக்காக வரல."

"பின்ன, ஆண்டை அனுப்புனாரா?"

"அவருக்குத் தெரியாது."

அவள் கையால் தரையைக் காட்டினாள். "நாக்காலியெல்லாம் இந்த வூட்ல கெடயாது. நின்னுக்கினே இருந்தா கூர தலைல இடிக்கும்."

தரையில் உட்கார்ந்தேன். "முதுகு வலின்னு ஏன் எங்கிட்ட சொல்லல? அதுக்குத்தானே நான் வகுப்பே நடத்துனேன். வலிய வச்சுக்கினு அப்படிக் குனிஞ்சீங்களே."

"குனிஞ்சீங்களா? இன்னா பாப்பா, நேத்து வரிக்கும் நீ, வா, போ. இன்னிக்கு என்ன ஆப்பீசர் ஆக்கிட்ட?" அவள் சிரிக்க முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "சொன்னா இன்னா ஆவும் தெர்மா? ராத்திரி சோறு துன்னசொல்ல நைனாகிட்ட ஒரு வார்த்த சொல்லுவ. கெட்ட எண்ணத்துல சொல்ல மாட்ட. 'பாவம் நைனா, அதுக்கு முதுவே முடில'ன்னு சொல்லுவ. அவ்ளோதான். ஆடி பொறந்தா என்ன நடவுக்கு எவன் கூப்புடுவான்?"

அப்படித்தான் சொல்லியிருப்பேன். 'பாவம்' என்ற அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

போன நடவில் நடந்ததை, அடுப்போரம் இருந்த மருமகள் சொன்னாள். எங்கள் பக்கத்து நடவில் ஒரு குறும்பு உண்டு. பின்னால் நகர்ந்துகொண்டே நடும்போது ஒருத்தி பிந்திவிட்டால், இரு பக்கத்திலும் நிற்பவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னாலும் நாற்றை ஊன்றி, நடுவில் அவளை அடைத்துவிடுவார்கள். அவள் நாற்றை மிதிக்காமல் தாண்டி வரப்பேற வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். பிந்துவது எப்போதும் புதிதாக வந்த சிறுபெண்தான். போன முறை, வரப்போரத்தை வேறொருத்திக்கு விட்டு நடுவில் இறங்கியிருந்த அத்தை அடைபட்டாள். நிமிர முடியாமல் நின்றவளை, பிடிப்பு என்று அறியாமல், கேலிக்கு அடைத்துவிட்டார்கள். சிரிப்பு நின்ற பிறகுதான் இருவர் போய்த் தூக்கி வந்தார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் அவளுக்கு வரிசையில் இடமில்லை. முதல் இடம் மட்டுமல்ல, எந்த இடமும்.

"ஆடிக்கு முன்னாடி என்ன நிமித்தி வுடு பாப்பா" என்றாள் படுத்திருந்தவள். "ஆனா உங்க களத்துக்கு நான் வர மாட்டேன். ஒல வச்சிட்டு, அது கொதிக்கிற வரிக்கும் எனக்கு நேரம். நீ இங்க வா."

அன்றே தொடங்கினேன். மல்லாந்து, முழங்கால்களை மடக்கிப் படுக்கச் சொன்னேன். தரைக்கும் அவள் இடுப்புக்கும் நடுவே என் உள்ளங்கையை நுழைத்தேன். அவள் உடம்பு திடுக்கிட்டு விலகியது.

"கைய வெக்காத பாப்பா. வேர்வ. சேறு."

"பரவால்ல."

"ஒனக்குப் பரவால்ல. எனக்கு ஒரு மாரி கீது."

இருபத்திரண்டு வயதுவரை எங்கள் வயலில் வேலை செய்த ஒருவரையும் நான் தொட்டதில்லை என்பது அந்தக் கணம்வரை என் நினைவுக்கு வந்ததே இல்லை. ஒரு மாதமாக அவர்களுடைய உடம்பைப் பற்றித்தான் ஓயாமல் பேசியிருக்கிறேன். ஒரு தோளைக்கூடத் தொட்டுத் திருத்தியதில்லை. தூரத்தில் நின்று சொற்களால் திருத்தினேன். அதை என் திறமை என்று வேறு நினைத்திருந்தேன்.

கையை எடுக்கவில்லை. "என் கைய மெதுவா அமுக்கு. நசுக்க வேணாம். நாத்து வேர்ல மண்ண அணைக்கற மாதிரி." பழைய பழக்கத்தில் 'நீ'க்கே திரும்பியிருந்தேன். அவள் மூச்சை விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி என் விரல்களின்மேல் அமர்ந்தன. அந்தக் கனம் இப்போதும் என் கையில் இருக்கிறது. ஒரு பாடலின் பொருள் திறந்துகொள்ளும்போதுகூட நான் அப்படிச் சிலிர்த்ததில்லை. சிலிர்த்த மறுகணமே வெட்கமாக இருந்தது. இந்த வலியால் எனக்கு ஓர் இன்பம் கிடைக்கிறது. இந்த வலி எங்கள் வயலில் விளைந்தது.

குனியும் பயிற்சிகள் அத்தனையையும் விட்டுவிட்டேன். அவை நாளெல்லாம் நாற்காலியில் உட்காரும் பெண்களுக்காக நான் கற்றவை. நாளெல்லாம் குனிந்தவளை மாலையில் மறுபடியும் குனியவைத்து, அவள் எவ்வளவு அழகாகக் குனிகிறாள் என்று நான் கைதட்டியிருக்கிறேன். இப்போது படுத்தபடி இடுப்பை உயர்த்துவது, கவிழ்ந்து மார்பைத் தரையிலிருந்து எழுப்புவது, நின்றபடி கைகளை இடுப்பில் ஊன்றி வானத்தைப் பார்ப்பது ஆகியவைதான் பாடம். முதலில் வாசலில் நின்று சிரித்தவர்கள் பிறகு உள்ளே வந்தார்கள். இடம் போதாமல் தெருவில் படுத்தார்கள். "புள்ள பெத்தப்பகூட இப்டிப் படுத்ததில்லடி" என்று ஒருத்தி சொல்ல, "படுத்ததாலதாண்டி பெத்த" என்று இன்னொருத்தி சொன்னாள். தெருவே சிரித்தது. நானும் காது சிவக்கச் சிரித்தேன். உலை கொதித்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். வேறென்ன இருக்கிறது என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

ஆடி பிறந்தது. கிணற்றுப் பாசனத்தில் எங்கள் கீழண்டை வயலில்தான் முதல் நடவு. அவள் வரப்போரத்து இடத்தில் இறங்கினாள். நான் பம்ப் செட்டு அறையின் நிழலில் புத்தகத்தோடு உட்கார்ந்து, ஒரு பக்கத்தையும் திருப்பாமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்வாசி வயல் முடிந்தபோது அவள் நாற்றுமுடியைச் சேற்றில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்த்தாள். அடுத்தவளும் நிமிர்ந்தாள். வரிசை முழுவதும் நிமிர்ந்து நின்றது. நடவு நடக்கும்போது அத்தனை பேரும் ஒன்றாக நிமிர்ந்து நிற்பதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. நைனாவும் பார்த்திருக்க மாட்டார்.

"இன்னா அது? கும்பலா நின்னுக்கினு இன்னா வேடிக்க?" மேட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

அவள் வானத்திலிருந்து பார்வையை இறக்காமலே சொன்னாள். "பாப்பா சொல்லி வுட்டுது ஆண்டே. வூட்டு வேல."

நைனா என் பக்கம் திரும்பினார். வரிசையும் திரும்பியது. அவர் முகத்தில் கோபம் இன்னும் முடிவாகவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"ஆமா நைனா. நடுநடுவுல நிமிந்துக்கினா சாயந்தரம் வரைக்கும் வேகம் கொறயாது."

அவர் யோசித்தார். "அப்டியா? சரி, சீக்கிரம் ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு மடையைப் பார்க்கப் போனார்.

அது பொய்யில்லை. அந்த நேரத்தில் அவரிடம் எடுபடக்கூடிய காரணம் வேறொன்றும் இல்லை. ஆனாலும் வலிக்கிறது, அதனால் நிமிர்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உழவு மாட்டை நுகத்திலிருந்து கொஞ்ச நேரம் அவிழ்த்துவிடச் சொல்பவன் பேசும் கணக்கைத்தான் நானும் பேசினேன். இத்தனை சொற்கள் படித்த பிறகு என்னிடமிருந்து வந்தது அது.

பொழுது சாயும் முன்னே வயல் முடிந்தது. அவள் அடைபடவில்லை. முதலில் வரப்பேறியவளே அவள்தான். கால்வாயில் கைகால் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு மேலண்ட வயலு. நீயும் வந்துடு பாப்பா."

"நான் எதுக்கு? நீயே நல்லா செய்யறியே. எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சே."

"தெரிஞ்சா? நீ இல்லாங்காட்டி நிமிர வுடுவாரா?" எனக்கு விளங்காத ஒன்றைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "நீ ஒண்ணும் சொல்லித்தர வாணாம். வரப்புல சும்மா நில்லு. அது போதும்."

அந்த ஆடியும் ஆவணியும் நான் வரப்புகளில் நின்றேன். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஏரிக்கரையில் போனவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். குடையோடு நிற்கும் ஆண்டை மகள், சேற்றில் குனிந்திருக்கும் பெண்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் நைனாவிடம், "பரவால்லயே, பொண்ண மேற்பார்வைக்குப் பழக்கிட்டியே" என்று பாராட்டியதும் என் காதில் விழுந்தது. நைனா மறுக்கவில்லை.

இப்போது சென்னையில் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறேன். நன்றாக நடத்துகிறேன் என்கிறார்கள். தொட வேண்டிய இடத்தைக் கேட்டுவிட்டுத் தொடுகிறேன். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்கிறேன். என்னிடம் சொல்வதால் அவர்களுக்கு ஏதேனும் நட்டமா என்றும் மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும், நான் செய்ததிலேயே பயன்பட்ட ஆசிரியப் பணி எது என்று யாரேனும் கேட்டால் எனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒன்றும் பேசாமல், ஒன்றும் கற்பிக்காமல், வரப்பில் நின்றதுதான். என் நிழல் நீண்டு வயலில் விழும். அவள் தலையைத் திருப்பி நான் நிற்கிறேனா என்று பார்த்துக்கொள்வாள். பிறகு நாற்றுமுடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்வாள்.